ஆட்டா மாப் பாண்: பொங்கி எழுகிறது, அடுப்புக்குள் அமுங்கிவிடுகிறது

உப்புவெளிக்காரி:

எல்லோருக்கும் வணக்கம். என் கேள்வி கேக், பணிஸ் பற்றியது அல்ல. காலையில் சம்பலோடும் இரவில் பருப்போடும் வயிற்றை நிரப்புகிற சாதாரணப் பாண் பற்றியது.

அப்பாவுக்கு நீரிழிவு. வெள்ளைப் பாணைக் குறைக்கச் சொல்லிக் கிளினிக்கில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். கடையில் 'ஆட்டாப் பாண்' என்று விற்பதை வாங்கிப் பார்த்தோம். நிறம் மட்டும்தான் மண்ணிறம், பிய்த்தால் உள்ளே பஞ்சு. எந்தப் பேக்கரி என்று யாரும் கேட்க வேண்டாம், ஊர் சிறியது. கப்பலில் வருகிற கோதுமையைச் சீனக்குடாவில் 1980களில் இருந்து அரைத்துக்கொண்டிருக்கிறார்கள். அந்த ஆலைக்குப் பக்கத்து ஊரில் இருந்துகொண்டு ஒரு ஒழுங்கான தவிட்டுப் பாணுக்கு வழியில்லை என்றால் எரிச்சல் வராதா? அதனால் நானே சுடத் தொடங்கினேன்.

இப்போது செய்கிற முறை, இணையத்தில் ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி கொடுத்தது. 300 கிராம் ஆட்டா மா, 180 மில்லிலீற்றர் வெதுவெதுப்பான தண்ணீர், ஒன்றரைத் தேக்கரண்டி உடனடி ஈஸ்ட், ஒரு தேக்கரண்டி உப்பு, கொஞ்சம் எண்ணெய். குழைத்த மாவை 'வீட்டில் வெதுவெதுப்பான ஒரு மூலையில்' ஒரு மணி நேரம் மூடி வைத்து, இரண்டு மடங்காகியதும் அச்சில் போட்டு, மறுபடியும் ஒரு மணி நேரம் வைக்கச் சொல்கிறார். ஆவணி மாதத்து உப்புவெளியில் வெதுவெதுப்பில்லாத மூலை எது என்று அந்த அம்மையாரிடம் யாராவது கேட்டுச் சொல்லுங்கள்.

மா நன்றாகத்தான் பொங்குகிறது. அச்சின் விளிம்பைத் தாண்டிக் குமிழ்போல நிற்கிறது. அடுப்புக்குள் போய்ப் பத்து நிமிடத்தில் நடுவே பள்ளம் விழுகிறது. வெட்டினால் பொலபொலவென்று உதிர்கிறது, ஒரு கள் வாடையும் அடிக்கிறது. இன்னொன்று: மூன்றாம் நாள் பாணின் நடுப்பகுதி பிசுபிசுக்கிறது. அழுகிய அன்னாசி வாடை வருகிறது. வெளியே ஒரு துளி பூஞ்சணமும் இல்லை. அது என்ன?

என்னிடம் இருப்பது மேசை மேல் வைக்கிற சின்ன மின்னடுப்பு. காலை ஏழேகாலுக்கு வீட்டை விட்டுப் புறப்பட வேண்டும். தண்ணீர் எங்கள் கிணற்றுத் தண்ணீர், சற்று உவர். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சாம்பல்தீவான்:

பாதிக்குப் பாதி வெள்ளைக் கோதுமை மா கலந்து பாருங்கள் அக்கா. எல்லாம் சரியாகிவிடும். நாங்கள் வீட்டில் அப்படித்தான் செய்கிறோம், பிள்ளைகள் ஒரு பேச்சில்லாமல் சாப்பிடுகிறார்கள்.

உப்புவெளிக்காரி:

தம்பி, பாதி வெள்ளை மா போட்டுச் சுடுவதென்றால் கடைப் பாணுக்கே திரும்பிப் போய்விடுவேன். நித்திரையாவது மிஞ்சும்.

பழைய போறணை:

பிள்ளை, நான் வாலிபம் முழுவதும் போறணைக்கு முன்னால் நின்றவன். இப்போது பாலையூற்றில் மகள் வீட்டில் இருக்கிறேன். நான் சொல்லச் சொல்லத் தட்டச்சு செய்வது பேத்தி. எழுத்துப் பிழை இருந்தால் அது அவளுடைய கணக்கு.

முதலில் அந்தப் பள்ளத்துக்கு வருவோம். அடுப்பில் ஒரு குற்றமும் இல்லை. அடுப்புக்குள் போகும் முன்பே உங்கள் மா முடிந்துவிட்டது. ஈஸ்ட்டின் வேகம் சூட்டோடு ஏறும். குளிர்நாட்டு வீட்டில் ஒரு மணி நேரம் எடுக்கிற பொங்கல், நம்முடைய கச்சான் காற்றுக் காலத்தில் அரை மணியில் முடிந்துவிடும். மிச்ச அரை மணியும் அது வீணாகப் புளித்துக்கொண்டிருக்கிறது. கள் வாடை அங்கேதான் வருகிறது. பிறகு சூடு பட்டதும் உள்ளே இருக்கிற காற்று விரியும், தாங்குவதற்குச் சவ்வில் பலம் இருக்காது, அமுங்கும். கடிகாரத்தைப் பார்த்துப் பாண் சுடுகிறவன் திருகோணமலையில் பாண் சுட முடியாது. மாவின் சூட்டைப் பார்க்க வேண்டும்.

போறணையில் ஒரு கணக்கு வைத்திருந்தோம். குழைத்து முடித்த மா 26 பாகையில் இருக்க வேண்டும். 26ஐ மூன்றால் பெருக்கினால் 78. அதில் இருந்து அறையின் சூட்டையும் பச்சை மாவின் சூட்டையும் கழித்துவிடுங்கள். மிஞ்சுவதுதான் தண்ணீருக்கு இருக்க வேண்டிய சூடு. உங்கள் குசினி 32, அலுமாரியில் இருக்கிற மாவும் 32 என்றால் தண்ணீர் 14 பாகை. எந்தக் கிணற்றிலும் 14 பாகையில் தண்ணீர் ஊறாது, ஆகவே குளிர்சாதனப் பெட்டியில் வைத்த போத்தலை எடுங்கள். நாங்கள் அந்தக் காலத்தில் ஐஸ் கட்டியை உடைத்துப் போட்டோம். மார்கழியில் வாடைக்காற்று அடித்து மழை ஊற்றுகிற நாட்களில் அறை 26க்கு இறங்கும். அப்போது அதே கணக்கு உங்களுக்குச் சாதாரணத் தண்ணீரே போதும் என்று சொல்லும். இது கையால் குழைப்பவர்களுக்கான கணக்கு. இயந்திரம் என்றால் உரசலில் சூடு ஏறும், தண்ணீர் இன்னும் குளிர்ந்திருக்க வேண்டும். வெப்பமானி ஒன்று வாங்குங்கள். பெரிய விலை இல்லை.

ஈஸ்ட் 300 கிராம் மாவுக்கு ஒன்றரைத் தேக்கரண்டி என்பது அநியாயம். அரைத் தேக்கரண்டி போதும். உப்பு சரி.

அடுத்தது, உதிர்கிற கதை. ஆட்டாவில் தவிடு இருக்கிறது. தவிடு தண்ணீரை இழுக்கும், ஆனால் மெதுவாக இழுக்கும். குழைக்கும்போது கைக்குப் பதமாகத் தெரிகிற மா, அடுப்புக்குள் போகிற நேரம் வறண்டிருக்கும். 180 மில்லிலீற்றர் வெள்ளை மாவுக்கான அளவு. 300 கிராம் ஆட்டாவுக்கு 230, மா குடித்தால் 240 வரையும் ஊற்றுங்கள். முதலில் மாவையும் தண்ணீரையும் மட்டும் கிளறி, ஈரத்துணி போட்டு அரை மணி நேரம் சும்மா விடுங்கள். ஊறாத தவிட்டுக்கு முனை உண்டு. காற்றைப் பிடித்து வைக்கிற குளூட்டன் சவ்வை அது கீறிவிடும். ஊறியதும் மெத்தென்று ஆகிவிடும். அதற்குப் பிறகு ஈஸ்ட், உப்பு. ஒரு கரண்டித் தண்ணீரை முதலிலேயே எடுத்து வைத்து அதில் கரைத்துச் சேர்த்தால் நன்றாகக் கலக்கும். எண்ணெய் கடைசியில். கையில் ஒட்டும், ஒட்டட்டும். உலர்ந்த மாவை மட்டும் தூவாதீர்கள், கையை நனைத்துக்கொள்ளுங்கள். ஆட்டா மா, வெள்ளை மாவைப்போல மினுமினுவென்று உருளாது. ஒரு விளிம்பைப் பிடித்து மெதுவாக இழுத்தால் சிறிது தூரம் அறுபடாமல் வர வேண்டும். அவ்வளவுதான் பதம்.

இரண்டு மடங்கு வரும்வரை காத்திருக்கவே கூடாது. ஆட்டாவுக்கு ஒன்றரை மடங்கு போதும். அச்சில் போட்ட பிறகு விரலை மாவில் தொட்டு மெல்ல அழுத்துங்கள். குழி மெதுவாக, முக்கால்வாசி மேலே வந்தால் அடுப்பு தயாராக இருக்க வேண்டும். குழி அப்படியே நின்றுவிட்டால் நேரம் கடந்துவிட்டது. அந்த மாவைத் தட்டி ரொட்டியாகச் சுட்டுச் சாப்பிடுங்கள், பாண் ஆகாது. விளிம்பைத் தாண்டிக் குமிழாக நிற்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதை வாசிக்கவே மனம் பதைத்தது. விளிம்புக்கு ஒரு விரல் கீழே நிற்கும்போதே உள்ளே தள்ள வேண்டும்.

அடுப்பை 220 பாகைக்கு நன்றாகச் சூடாக்கி, பாணை வைத்த பத்து நிமிடத்தில் 190க்குக் குறையுங்கள். மொத்தம் 40 நிமிடம் வரும். சின்ன அடுப்புகளின் முள் சொல்வது ஒன்று, உள்ளே இருப்பது ஒன்று. அதற்கும் ஒரு வெப்பமானி நல்லது. பாணின் நடுவில் குத்திப் பார்க்க வசதி இருந்தால் 95 பாகை. இல்லாவிட்டால் அச்சில் இருந்து கவிழ்த்து அடியைத் தட்டுங்கள், வெறும் பெட்டியைத் தட்டிய சத்தம் வர வேண்டும்.

கடைசியாக அந்த அன்னாசி வாடை. பேக்கரிக்காரர்களுக்கு வயிற்றில் புளியைக் கரைக்கிற வாடை அது. நடுப்பகுதியைப் பிய்த்துப் பாருங்கள், சிலந்தி நூல்போல இழுபடும். பூஞ்சணம் இல்லை, பசிலஸ் என்கிற நுண்ணுயிர். அதன் வித்து மண்ணில் இருந்து தானியத்தின் தோலுக்கு வருகிறது. தோலோடு அரைக்கிற ஆட்டாவில் அதனால்தான் அதிகம். அடுப்புச் சூட்டில் வித்து சாகாது. பாணின் நடுப்பகுதி 100 பாகையைத் தொடுவதே இல்லையே. பிறகு நம்முடைய வெக்கையில் முளைத்துவிடும். அப்படியான பாணைக் கோழிக்கும் போடாதீர்கள், கட்டி எறியுங்கள். அச்சு, வெட்டுகிற பலகை, பாண் வைக்கிற பெட்டி எல்லாவற்றையும் வினாகிரி போட்டுத் தேய்த்துக் கழுவி வெயிலில் வையுங்கள். அடுத்த முறை மாவிலும் ஒரு தேக்கரண்டி வினாகிரி சேருங்கள். புளிப்பில் அது முளைக்காது. பாணில் ருசி தெரியாது. சூடாக இருக்கும்போது பொலித்தீன் பைக்குள் போடுகிற பழக்கம் இருந்தால் அதையும் விடுங்கள்.

சாம்பல்தீவுத் தம்பி சொன்ன பாதிக்குப் பாதி கெட்ட யோசனை இல்லை. ஆனால் இந்தப் பிள்ளை கேட்டது வேறு.

கிளினிக் தாதி:

ஐயா சொன்ன முறையில் நான் கைவைக்க மாட்டேன். அப்பாவின் நீரிழிவு பற்றி மட்டும் ஒரு வார்த்தை.

முழுக் கோதுமைப் பாண் என்றால் சீனி ஏறாது என்ற எண்ணம் நம் ஊரில் பலமாக இருக்கிறது. ஒரு சாப்பாடு இரத்தத்தில் சீனியை எவ்வளவு வேகமாக ஏற்றும் என்று காட்டுவது கிளைசீமிக் சுட்டி. வெள்ளைப் பாணுக்கு அது ஏறத்தாழ 75. நன்றாக அரைத்த முழுக் கோதுமைப் பாணின் சுட்டி 74. வித்தியாசம் அவ்வளவுதான். தவிடு இருந்தாலும் தூளாக அரைபட்டுவிட்டதால் மாச்சத்து வேகமாகவே செரிக்கிறது. ஆட்டாவில் நார்ச்சத்து வெள்ளை மாவைவிட மூன்று மடங்குக்கு மேல் இருக்கிறது. அது குடலுக்கும் கொழுப்புக்கும் நல்லது, பசியும் தாங்கும். ஆகவே சுடுங்கள், ஆனால் துண்டை எண்ணிக் கொடுங்கள். சீனிச் சம்பலோடு நான்கு துண்டு கொடுப்பதைவிட, பருப்பும் முட்டையும் ஒரு கீரைச் சுண்டலும் வைத்து இரண்டு துண்டு கொடுப்பதில்தான் பலன். 'ஆட்டாதானே' என்று அரை றாத்தலை முடித்துவிட்டு வருகிறவர்களைக் கிளினிக்கில் அடிக்கடி பார்க்கிறேன்.

குரக்கன் மா கலக்கலாமா என்று அடுத்ததாகக் கேட்பீர்கள். கலக்கலாம், ஆனால் அதில் குளூட்டன் இல்லை. ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போனால் பாண் செங்கல் ஆகிவிடும்.

இன்னொன்று. ஆட்டாவில் கோதுமையின் முளையும் சேர்ந்து அரைபடுகிறது. முளையில் எண்ணெய் உண்டு, வெக்கையில் சிக்கு வாடை பிடித்துவிடும், வண்டும் வரும். பொதியை உடைத்ததும் இறுக்கமான டப்பாவில் போட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிடுங்கள்.

உப்புவெளிக்காரி:

ஐயா, பேத்திக்கும் சேர்த்து நன்றி. தாதி அக்கா, துண்டுக் கணக்கை அப்பாவிடம் வாசித்துக் காட்டினேன். முகம் சுருங்கிவிட்டது. 'முட்டை வரும் என்றால் சரி' என்று சமரசத்துக்கு வந்திருக்கிறார்.

இரண்டு சந்தேகங்கள். மாவைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் ஐயாவின் 78 கணக்கு என்னாகும்? அடுத்து, காலையில் எழுந்து இவ்வளவையும் செய்துவிட்டு ஏழேகாலுக்குப் புறப்பட மனிதரால் முடியாது. இரவில் எவ்வளவு தூரம் முடித்து வைக்கலாம்? கிணற்று உவருக்கும் பதில் வரவில்லை.

பழைய போறணை:

கணக்கு அதே கணக்குத்தான். மா 8 பாகையில் இருக்கிறது, அறை 32. 78இல் இருந்து 40ஐக் கழித்தால் 38. ஆனால் அதற்காக வெந்நீர் வைக்காதீர்கள். கிணற்றுத் தண்ணீரை அப்படியே ஊற்றுங்கள். மா 23, 24 பாகையில் முடியும். நம் ஊரில் அந்தப் பக்கம் சாய்வதுதான் நல்லது, அறைச் சூடு மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். தாதி சொன்ன யோசனையில் உங்களுக்கு ஐஸ் செலவு மிச்சம்.

இரவில் செய்வதுதான் எனக்கும் பிடித்த முறை. எட்டு மணிக்கு மாவையும் தண்ணீரையும் கிளறி ஊற விடுங்கள். எட்டரைக்கு ஈஸ்ட் கால் தேக்கரண்டி, உப்பு, வினாகிரி, எண்ணெய் சேர்த்துக் குழையுங்கள். அரை மணி வெளியே இருக்கட்டும், பொங்கத் தொடங்குகிற சாயல் தெரிந்ததும் எண்ணெய் தடவிய மூடிபோட்ட பாத்திரத்தில் குளிர்சாதனப் பெட்டிக்குள் வையுங்கள். விடிய நாலரைக்கு எடுத்துச் சுருட்டி அச்சில் போட்டுவிட்டு நீங்கள் மறுபடியும் படுக்கலாம். குளிர்ந்த மா சோம்பேறி, அச்சில் எழ ஒரு மணி எடுக்கும், சில நாள் கூடவும் எடுக்கும். ஆறு மணிக்கு முன் அடுப்பில் ஏறினால் நீங்கள் புறப்படும்போது பாண் கம்பித்தட்டில் ஆறிக்கொண்டிருக்கும். அன்று காலைக்கு முதல்நாள் பாண். ஆட்டாப் பாண் ஒருநாள் இருந்தால்தான் வெட்ட வரும், சூட்டோடு வெட்டினால் எவ்வளவு நல்ல பாணும் உள்ளே களிதான்.

வெளியே விடியும்வரை வைக்கலாமா என்று கேட்காதீர்கள். வைக்கக் கூடாது.

உவர்: அந்தத் தண்ணீரைக் குடிக்கிறீர்கள் என்றால் பாணும் குடிக்கும். வாயில் வைத்தால் உப்புக் கரிக்கிற தண்ணீர் என்றால் வேறு தண்ணீர் எடுங்கள். இடைப்பட்டது என்றால் உப்பில் ஒரு சிட்டிகை குறையுங்கள். தண்ணீரில் இருக்கிற தாது குளூட்டனை இறுக்கும், அது கெடுதல் இல்லை.

சாம்பல்தீவான்:

ஐயா, ஈஸ்ட் வாங்காமல் கள் ஊற்றிப் புளிக்க வைக்க முடியாதா? அப்பத்துக்கு அப்படித்தானே செய்தார்கள்?

பழைய போறணை:

அப்பத்துக்கு ஊற்றினார்கள், அருமையாக வந்தது. அப்பமா தளர்வானது, சட்டியில் இரண்டு நிமிட வேலை. பாணுக்கு ஒவ்வொரு நாளும் ஒரே வேகம் வேண்டும். காலையில் இறக்கிய கள்ளும் பின்னேரக் கள்ளும் ஒரே வேகம் இல்லை. அதோடு எங்கள் போறணையில் மாவுக்கென்று வாங்கிய கள் மாவுக்குள் போய்ச் சேர்ந்ததாக எனக்கு நினைவில்லை.

(இதைத் தட்டச்சு செய்ய மாட்டேன் என்றேன், தாத்தா விடவில்லை. பேத்தி)

மூதூர் ராத்தா:

அஸ்ஸலாமு அலைக்கும். மின்னடுப்பு இல்லாத வீடுகளும் இருக்கின்றன, அதற்காக இதை எழுதுகிறேன். 2022இல் 13 மணி நேரம் மின்சாரத்தை வெட்டிய நாட்களில் நாங்கள் சிரட்டைத் தணலில்தான் சுட்டோம். இப்போதும் அந்த ருசிக்காகச் சுடுகிறோம்.

அடி தடித்த பெரிய சட்டி, அதற்குள் இரண்டு விரல் உயரம் கழுவிக் காய்ந்த மணல். அதன்மேல் ஒரு முக்காலி வளையம், அதன்மேல் அச்சு. தட்டையான தகர மூடி. விறகு அடுப்பில் சட்டியை முதலில் வெறுமனே கால் மணி நேரம் சூடாக்க வேண்டும். அச்சை வைத்த பிறகு கீழே நெருப்பைக் குறைத்து, மூடியின்மேல் சிரட்டைத் தணலைப் பரப்புங்கள். கீழே கொஞ்சம், மேலே கூட. கீழ் நெருப்பு கூடினால் அடி கரியும், மேல் வெளுத்திருக்கும். பாதி நேரத்தில் தணல் சாம்பல் பூத்துவிடும், தட்டிவிட்டுப் புதிய தணல் போடுங்கள். மூடியைத் திறந்து திறந்து பார்க்கிறவர்களுக்கு இது சரிவராது. எரிவாயு அடுப்பிலும் கீழ்ப்பகுதி சரியாக வேகும், ஆனால் மேல் நிறம் பிடிக்காது. கடைசியில் அச்சில் இருந்து எடுத்துத் தோசைக்கல்லில் கவிழ்த்து வைத்தால் நிறம் வரும்.

ஐயாவிடம் ஒரு கேள்வி. கடைகளில் ஆட்டா என்று வருகிற எல்லாம் முழுக் கோதுமையா? சில பொதிகள் மிகவும் வெளுப்பாக இருக்கின்றன.

பழைய போறணை:

மகள், பொதியின் பின்பக்கத்தில் சேர்மானம் போட்டிருப்பார்கள், அதை வாசியுங்கள். அதில் தெளிவில்லை என்றால் ஒரு கைப்பிடி மாவை நுண்ணிய அரிதட்டில் அரியுங்கள். தவிட்டுச் செதில் மேலே தங்க வேண்டும். ஒன்றும் தங்காமல் இறங்கினால் ஒன்றில் மிக மெல்லியதாக அரைத்தது, இல்லையென்றால் தவிட்டை எடுத்தது. கொஞ்சத்தைத் தண்ணீரில் குழைத்து அரை மணி வையுங்கள். முழுக் கோதுமை என்றால் நிறம் கருத்துப் புள்ளி புள்ளியாகத் தெரியும்.

உப்புவெளிக்காரி:

இரவு முறையில் சுட்டாகிவிட்டது. மேல் பள்ளம் இல்லை, குன்றுபோல் எழவும் இல்லை, தட்டையான நல்ல முதுகு. வெட்டும்போது கத்தியோடு ஒட்டாமல் மெல்லிய துண்டாகவே வருகிறது. நான்காம் நாள் வரை பிசுபிசுப்பும் இல்லை, அன்னாசியும் இல்லை. நிறுத்துப் பார்த்தேன், 480 கிராம் இருந்தது.

அப்பாவின் தீர்ப்பு: 'கடைப் பாணைவிடப் பாரமாக இருக்கிறது, ஆனால் சொதியில் நனைத்தால் கரையாமல் நிற்கிறது.'

ஒரு குறை மட்டும். இரண்டாம் நாள் மேல்தோல் இறுகிப் போகிறது, அப்பாவின் பல்லுக்குக் கடினம்.

பழைய போறணை:

480 நல்ல நிறை. 2024இல் ஒரு றாத்தல் பாண் 450 கிராம் இருக்க வேண்டும் என்று வர்த்தமானியில் போட்டார்கள், நீங்கள் சட்டத்தையே மிஞ்சிவிட்டீர்கள்.

தோலுக்கு: அடுப்பில் இருந்து எடுத்த உடனே மேலே துளி எண்ணெய் தடவி, உலர்ந்த பருத்தித் துணியால் மூடி ஆறவிடுங்கள். தன் ஆவியிலேயே தோல் இளகும். முழுவதும் ஆறிய பிறகு, இளஞ்சூடுகூட இல்லாதபோது, டப்பாவில் போடுங்கள். குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் பாண் சீக்கிரம் விறைக்கும். மூன்று நாளுக்கு மேல் வைப்பதென்றால் துண்டாக்கி உறைபெட்டியில் வைத்து, வேண்டிய துண்டை மட்டும் எடுத்துத் தோசைக்கல்லில் வாட்டுங்கள்.

அந்த வெள்ளைக்கார அம்மாவின் குறிப்பையும் எறிந்துவிடாதீர்கள். மார்கழியில் ஒருமுறை அதன்படி சுட்டுப் பாருங்கள், தண்ணீரை மட்டும் கூட்டி.